412 தேறிவிட்டாளாம்

ஜூலை 8, செவ்வாய்

பிற்பகல் 3.42. சாதிக்கின் மெசேஜ் வந்த நேரம். கடும் வெயில், காற்று இல்லை. ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன்.

"412 தேறிட்டாங்களாம் பா. மேடம் ஒரே குஷி."

பாதி டீயை வைத்துவிட்டு மேலே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியாது. 412 யாரென்று அப்போது எனக்குத் தெரியாது.

வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் திணறக் கூடாது.

எங்கள் வேலை: தோல், ஷூ வேலை செய்பவர்களின் ரத்தப் பரிசோதனைகளையும், உலகத்து மருத்துவக் கட்டுரைகளையும் சேர்த்து ஒரே வலையாகக் கட்டுவது. ஆள் ஒரு புள்ளி. மருந்து ஒரு புள்ளி. வேலை, நோய், ரசாயனம், எல்லாம் புள்ளி. நடுவே கோடுகள். அதன் மேல் ஏ.ஐ. தேடல். டாக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால் அது கோடு கோடாக நடந்து போய்ப் பதில் கொண்டுவரும். கட்டுவது நான். ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பார்ப்பது சாதிக். கேள்வி கேட்பது டாக்டர் மேடம். வலையில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

மேடம் இன்று கேட்டது: ஷூ ஒட்டும் சொல்யூஷனில் வேலை பார்த்து, ரத்த அணுக்கள் இறங்கி, பிறகு ஏறியவர் யாராவது உண்டா?

ஒரே ஒரு பதில். 412. பெண். ஆம்பூர் பக்கம்.

திறந்தேன். ஒன்பது டெஸ்ட் வரிசையாக. வெள்ளை அணு 3,500. நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அடுத்து 3,100. 2,800. 2,800-ஐப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அன்று ஆஸ்பத்திரி கேட்டில் கொய்யாப்பழம் வாங்கினோம், உப்பு மிளகாய்த்தூள் ஜாஸ்தி போடச் சொன்னாள். 1,900. அன்று ஈறில் ரத்தம், பிரஷ்ஷை எனக்குத் தெரியாமல் குப்பையில் போட்டிருந்தாள். 900. அன்று ஒன்றும் பேசவில்லை.

412 அம்சா. என் மனைவி. ஜனவரியில் இறந்துவிட்டாள்.

பத்தாவது டெஸ்ட் போன மாதம். ஜூன். 3,400.

கோடு கீழே போய், அடிமட்டத்தில் கொஞ்சம் கிடந்து, மேலே வருகிறது.

"இன்னா பா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" சாதிக்.

"வெயில்."

"ஏசி ரூம்ல இன்னா பா வெயிலு?"

வரும்போது பால் வாங்க மறந்துவிட்டேன்.


ஜூலை 9, புதன்

காலை தூறல். சட்டை இஸ்திரி இல்லை, அப்படியே போட்டுக்கொண்டேன்.

எப்படி நடந்தது என்பது ராத்திரி படுத்தபோதே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி படுத்திருந்தேன்.

அம்சாவுக்கு மருத்துவக் கார்டு கிடையாது. எனக்கு அப்போது வேலை இல்லை, பெங்களூர் கம்பெனி ஆள் குறைத்ததில் போனது. அவள் வீட்டிலேயே ஷூவின் மேல்தோலை மடித்துச் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொடுப்பாள். சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஃபேன் போட மாட்டாள், ஜன்னல் திறக்க மாட்டாள். அவள் தங்கை ரேணு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேஸ்டிங், அதாவது ஒட்டும் பிரிவு. ரேணுவிடம் கம்பெனி கார்டு உண்டு. அம்சாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது ரேணுதான் கார்டை நீட்டினாள்.

"போட்டோல யாரு பாக்கப் போறாங்க மாமா? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் அம்சா ரேணுவாக இருந்தாள். "ரேணுகா" என்று கூப்பிட்டால் எழுந்துகொள்ளப் பழகிவிட்டாள். ரொம்ப முற்றிய பிறகுதான் சொந்தப் பெயரில் வேறு ஆஸ்பத்திரி. பதினோரு நாள். அந்தக் காகிதங்கள் எங்கள் வலையில் இல்லை. ஆகையால் வலையில் அவள் சாகவில்லை.

ஜூன் டெஸ்ட் ரேணுவுடையது. கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்த செக்கப்.

இரண்டு பேரை ஒரு புள்ளியாக்கிய விதியை எழுதியது யார்? நான். பிப்ரவரியில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். ஒரே கார்டு எண், இரண்டும் பெண், வயது வித்தியாசம் மூன்றுக்குள் என்றால் ஒரே ஆள். எழுதும்போது கை எழுதியது, நான் அங்கே இல்லை. கார்டை நானே கவுண்டரில் நீட்டியிருக்கிறேன். அது கூட நினைவுக்கு வரவில்லை.

பதினொரு மணிக்கு மீட்டிங். மேடம் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜை இவ்ளோ விழுந்து தானா எழுந்து வர்றது ரொம்ப அபூர்வம், பாஸ்கர். ஏன் ஏறுச்சுன்னு கேட்டுப் பாருங்க."

கேட்டேன். ஏ.ஐ. கூசாமல் பதில் சொன்னது. எட்டாவது டெஸ்டுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், அதுதான் காரணமாக இருக்கலாமாம். மாத்திரையிலிருந்து ஒரு புரதத்துக்குக் கோடு, புரதத்திலிருந்து மஜ்ஜைக்குக் கோடு. ஆதாரம் ஐந்து. ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு எலியில் செய்தது. ஒன்று வேறு நோய். ஒன்று அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. ஐந்தாவது கட்டுரை எங்கேயும் இல்லை. அந்த மாத்திரையை அம்சா இரண்டு நாள்கூடச் சாப்பிடவில்லை, வாந்தி.

மேடத்திடம், "ஆதாரம் வீக்கா இருக்கு மேடம்," என்று மட்டும் சொன்னேன்.

"இருக்கட்டும். ஆளைப் பார்த்தா தெரிஞ்சிடும். சாதிக், வெள்ளிக்கிழமை போய் இவங்களைப் பாத்துட்டு வாங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கார்டு விஷயம் வெளியே வந்தால் ரேணு வேலை போகும், அது ஒரு காரணம். இன்னொன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதனிடம், "412 இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டேன். "தேறி வருகிறார். நிலைமை சீராக உள்ளது," என்றது. மறுபடி கேட்டேன். வார்த்தையை மாற்றி அதையே சொன்னது. நாலு தரம் கேட்டேன். அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டேன். ஆறு வாரத்தில் எடுத்தால் நல்லது என்றது.

தயிர்சாத டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. அம்சாவின் ஒன்பதையும் கையால் மறைத்துவிட்டு, கடைசிப் புள்ளியை மட்டும் பார்த்தேன்.

அம்சா, முதல் டெஸ்ட்: வெள்ளை அணு 3,500. பிளேட்லெட் 1.15 லட்சம்.
ரேணு, ஜூன்: 3,400. 1.12 லட்சம்.

ஏறின கோடு இல்லை அது. இன்னொரு கோட்டின் ஆரம்பம்.

டப்பாவை மூடிவிட்டேன். 


ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. பஸ்ஸில் ஆம்பூர். பள்ளிகொண்டா தாண்டியதும் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். பயத்தில் யாராவது தூங்குவார்களா? நான் தூங்கினேன்.

முதலில் அத்தை வீடு. அம்சாவின் அம்மா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"ரேணுவுக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே. நல்லா துன்றா, நல்லா தூங்குறா."

"டெஸ்ட்ல கம்மியா இருக்கு அத்தே."

"மிஷினு சொல்லுதா? அந்த மிஷினு தானே அம்சா உயிரோட இருக்கான்னு சொல்லுது?"

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு மாசத்துல பெர்மனன்ட் பண்றேன்னு இருக்காங்க. கார்டைக் குடுத்தான்னு தெரிஞ்சா நிக்க வெச்சி அனுப்பிடுவாங்க. அக்காவுக்குக் குடுத்தது தப்பா? சொல்லுங்க, தப்பா?"

ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டது. கேட்டில் நின்றேன். நீலக் கோட்டுக்காரப் பெண்கள் கூட்டம் கூட்டமாக. "ஏய் சீக்கிரம் வாங்கடி, பின் சீட்டு போய்டும்!" சொல்யூஷன் வாசம் அவர்களோடு சேர்ந்து வெளியே வந்தது. எங்கள் வீட்டு வாசம். தாங்க முடியாமல் நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

"யாருடி, உங்க மாமாவா? வெறுங்கையோட வந்து நிக்கிறாரு பாரு," என்றாள் ரேணுவோடு வந்தவள். ரேணு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

கம்பெனி பஸ் கிளம்பப் பத்து நிமிஷம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜூன் செக்கப்பா? எனக்கு ரிசல்ட்டே வரல மாமா. நல்லா இருந்தா அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"டயர்டா இருக்கா?"

"பேஸ்டிங்ல யாரு மாமா டயர்டா இல்லாம இருக்காங்க?"

கோட்டுக் கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. மஞ்சளும் நீலமுமாகக் கன்றிய திட்டுகள்.

"டேபிள்ல இடிச்சிக்கினேன்."

அம்சா கிரைண்டரில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். இதே குரல். இதே மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் டைம் குடு மாமா. லெட்டர் கைக்கு வரட்டும். அப்புறம் நானே வந்து டெஸ்ட் குடுக்குறேன்."

"ஒரு மாசம் ரொம்ப..."

"என் வேலை மாமா. நான் தானே சொல்லணும்?"

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறினாள். படியில் மூச்சு வாங்க நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளுக்கு இருபத்தைந்து.


ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ரேணு வேண்டாம் என்றாள். இருந்தும் சொன்னேன். சரியா தப்பா எழுதத் தெரியவில்லை. முதல் டெஸ்டுக்குப் பிறகு அம்சா எத்தனை வாரம் சொல்யூஷன் தடவினாள் என்று எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதலில் சாதிக்கிடம். பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான், ஆம்பூர் கிளம்ப. கேட்டுவிட்டு இன்ஜினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எங்க சாச்சி, அதான் சித்தி, கார்டுல எங்கம்மா பித்தப்பை ஆபரேஷனே பண்ணிக்கினாங்க பா. ஆஸ்பத்திரி ஏட்டுல இப்போ சாச்சிக்குப் பித்தப்பையே இல்ல."

சிரித்துவிட்டேன். ஜனவரிக்கு அப்புறம் முதல் தடவையோ என்னவோ. அவன் சிரிக்கவில்லை.

"அப்போ நம்ம வலையில எத்தினி நம்பருக்குள்ள ரெண்டு ரெண்டு ஆளு தோஸ்த்?"

மேடம் அறையில் மின்விசிறி சத்தம். முழுக்கச் சொன்னேன்.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடம் சொன்னவை:
1. திங்கள் காலை ரேணுவுக்கு மறுபடி டெஸ்ட். அதுவரை சொல்யூஷன் பக்கமே போகக் கூடாது.
2. ஆரம்பத்திலேயே பிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. ஒரு டெஸ்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். (இரண்டு தரம் சொன்னார்.)
3. கார்டு விஷயத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதித்தான் ஆக வேண்டும். "பேரு போடாம எழுத முடியுமான்னு பாக்குறேன். முடியலன்னா போடணும், பாஸ்கர்."
4. அந்த விதியை இன்றே எடுக்க வேண்டும். ஒரே கார்டில் வரும் எல்லோரையும் சாதிக் நேரில் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.
5. 412-ஐப் பிரிக்க வேண்டும். "உங்களால முடியலன்னா வேற யாரையாவது..."

"நானே பண்றேன் மேடம்."

மூன்று மணி. ஒன்பது டெஸ்டையும் தேர்ந்தெடுத்தேன். புதிய புள்ளி. தற்போதைய நிலை என்று ஒரு கட்டம். உயிருடன் / இறப்பு / தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அம்சாவுக்குச் சாவுச் சான்றிதழ் வாங்க நான்தான் போனேன், எரித்த இடத்தில் நான்தான் நின்றேன். இறப்பு என்ற கட்டத்தில் டிக். போட்டேன். தேதி கேட்டது. போட்டேன்.

பிறகு மேடத்தின் செவ்வாய்க்கிழமைக் கேள்வியையே திரும்பக் கேட்டேன். இறங்கி, பிறகு ஏறியவர் யாராவது உண்டா?

"பொருந்தும் நபர் யாரும் இல்லை."

ரேணுவுக்கு இப்போது ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. மேலேயா கீழேயா, அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.


ஜூலை 12, சனி

காலை 7.15, ரேணுவுக்குப் போன். சொன்னேன். திங்கள் காலை டெஸ்ட், அதுவரை வேலைக்குப் போகாதே என்றும் சொன்னேன்.

"நான் சொல்லாதன்னு சொன்னேன்."

"தெரியும் மா."

"தெரிஞ்சே சொன்ன."

போன் அத்தை கைக்குப் போனது. "ஒருத்தியைத்தான் காப்பாத்த முடியல. இன்னொருத்தி சோத்துலயும் மண்ணப் போட்டுட்டீங்களே மாப்ளே." பின்னால் ரேணு, "விடும்மா, வைம்மா" என்பது கேட்டது. வைத்துவிட்டார்.

இன்று அவள் வேலைக்குப் போனாளா? தெரியாது. ஏற்றுமதி லோடு இருக்கும் வாரம், சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. பேஸ்டிங் மேஜையில் குனிந்து நிற்பது மாதிரியே தெரிகிறது.  மதியம் சாப்பிடவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். ஷூவுக்குப் பாலீஷ்.


ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தரம் அடிக்கவில்லை.


ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வர மாட்டாள் என்று நினைத்தேன். எட்டரைக்கு வந்தாள். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். தனியாக. அத்தையைக் கூட்டிவரவில்லை.

"சனிக்கிழமை போகல," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "வயித்து வலின்னு லீவு சொன்னேன். சூப்பர்வைசர் கத்துனாரு. கத்தட்டும்."

ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமானது. கொஞ்சமா, ஜாஸ்தியா? நான் கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

கவுண்டரில் கேட்டாள், "ரிசல்ட் எப்போ வரும்?"

"நாலு மணி. மெசேஜ் வந்துடும் மா."

"எந்த நம்பருக்கு?"

அந்தப் பெண் நம்பரைப் படித்தாள். என் நம்பர். அம்சாவைக் கூட்டிவந்த காலத்தில் நான் மாற்றிக் கொடுத்தது. மாற்றச் சொன்னாள் ரேணு. மாற்றலாம், ஆனால் இந்த ரிப்போர்ட் பழைய நம்பருக்குத்தான் போகும், பேப்பராக வேண்டுமென்றால் நாலு மணிக்குக் கவுண்டருக்கு வர வேண்டும் என்றார்கள்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"அப்போ ஜூன் ரிசல்ட்டும் உனக்குத்தான் வந்துச்சா மாமா?"

போனை எடுத்துத் தேடினேன். இருந்தது. ஜூன் 26. திறக்காமல். ஜனவரிக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி பெயரில் எது வந்தாலும் நான் திறப்பதில்லை, பார்க்காமலே கீழே தள்ளிவிடுவேன். அவளிடம் காட்டினேன். என் கையிலிருந்தே படித்தாள். சிவப்பில் இருந்த இரண்டு எண்களின் மேலும் விரலை வைத்தாள்.

கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அக்காவுக்கு 900 வந்தப்போ 1,900-ன்னு சொன்ன இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அக்காவுக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிச்சாம். என்கிட்ட சொல்லிச்சு. மாமா பாவம், கேட்டா பயப்படுவாருன்னு கேக்காம விட்டுட்டேன்னு சொல்லிச்சு."

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அவள் மூன்று, நான் ஒன்று. சட்னி காரமில்லை என்றாள். அதற்குப் பிறகு இந்த மரத்தடிதான், மதியம் முழுக்க.

3.35. அவள் எழுந்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

"நான் போய் வாங்கிக்கினு வர்றேன். நீ வராத. என்ன இருந்தாலும் மொதல்ல நான் பாக்கணும் மாமா. அப்புறம் உன்கிட்ட சொல்றேன். உள்ளதைச் சொல்றேன்."

"சரி மா."

"மெசேஜ் வந்தா நீ பாக்காம இருக்க மாட்ட."

ஆமாம். இருக்க மாட்டேன். இப்போதே கை பையில்தான் இருக்கிறது. நாலு மணிக்குக் கவுண்டர் திறக்கும். இங்கிருந்து அவள் முதுகு தெரிகிறது, வரிசையில் ஆறாவது ஆள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை.

3.56. போனை அணைத்துவிட்டேன்.